படலை தாண்டிய நாயும் எசமானின் பொறுப்பும்

தெருவிலே செல்லும் ஒருவரை எமது வளர்ப்பு நாய் பாய்ந்து கடித்துவிட்டால், எம் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை எது? "எங்கள் நாய் ஒருநாளும் ஒருவரையும் கடித்ததில்லையே" என்பதேயாகும். அடுத்து வருவது, "படலையை யாரோ திறந்துவிட்டார்கள்" என்பது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், கடிபட்டவர் அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவருடைய வைத்தியச் செலவையும் இழந்த கூலியையும் யார் கொடுப்பது?

இவ்வினாவுக்குத் தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு உயர் நீதிமன்றம் 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அளித்த விடை நாய் வளர்ப்போர் யாவரும் அறியத்தக்கது. அந்நாளில் போர்ட் எலிசபெத் என வழங்கிய நகரத்திலே, கூலி வேலை செய்து பிழைக்கும் ஒருவர் தெருவழியே நடந்து சென்றார். அவர் எவருடைய வளவுக்குள்ளும் நுழையவில்லை. எந்த நாயையும் சீண்டவில்லை. ஒரு வீட்டிலிருந்து வெளிவந்த மூன்று நாய்கள் அவரைக் குதறின. அவருடைய இடது கையை வைத்தியர்கள் அகற்ற வேண்டியதாயிற்று. உழைத்து உண்பவனுக்குக் கை போனால் மிஞ்சுவது என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நாய்களின் சொந்தக்காரரோ தம்மீது குற்றமில்லை என்றார். வீட்டிலே ஒருவரும் இல்லாத வேளையில் யாரோ அந்நியன் பூட்டை உடைத்து வாயிற்கதவைத் திறந்துவிட்டான். அவன் செய்த பிழைக்குத் தாம் எங்ஙனம் பொறுப்பாவது என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அந்நியன் திறந்தான் என்றே வைத்துக்கொண்டாலும், நட்டஈட்டுப் பொறுப்பு நாய்க்குரியவரையே சாரும் எனத் தீர்ப்பாயிற்று. இருவருமே குற்றமற்றவர்கள் என்றால், நட்டத்தைச் சுமக்க வேண்டியவர் நாயைத் தம் நன்மைக்காக வளர்த்தவரேயன்றி, தெருவிலே தம்பாட்டிற் சென்றவர் அல்லர் என்பதே அதன் சாரம். இத்தீர்ப்பு கடுமையானது என்பாரும் உளர். எமக்கோ, ஒற்றைக் கையுடன் நிற்கும் மனிதனை நினைக்கும்போது அது கடுமையாகத் தோன்றவில்லை.

இந்த நியாயம் நேற்றுப் பிறந்ததன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் உரோமர் வகுத்த பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இதன் வேர் உண்டு. வீட்டுப் பிராணி ஒன்று, தனக்குரிய அடங்கிய இயல்புக்கு மாறாகத் தானாகவே பிறருக்குக் கேடு செய்தால், சொந்தக்காரர் நட்டத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அப்பிராணியையே கையளித்துவிட வேண்டும். அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்ற கேள்வியே அங்கு எழாது. தென்னாபிரிக்காவிலே இவ்வழக்குமுறை இன்னும் உயிருடன் உள்ளதென 1927 இல் அந்நாட்டு உயர்மன்று உறுதிசெய்தது; பிராணியைக் கையளித்துத் தப்பும் வழி மட்டும் வழக்கொழிந்தது. இவையன்றி, மக்கள் நடமாடும் இடங்களுக்கருகே நாயையோ, கரடியையோ, சிங்கத்தையோ பிறருக்கு ஊறு நேரும்படி வைத்திருக்கலாகாது என்றும் உரோம அதிகாரிகள் ஆணையிட்டிருந்தனர். சிங்கமும் நாயும் ஒரே பட்டியலில் நிற்பதைக் காண எம் வீட்டு நாய்கள் பெருமைப்படக்கூடும்!

உரோமரின் சட்டம் எமக்கு எவ்வாறு உறவாயிற்று என வாசகர் வினவலாம். ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது அவர்களோடு வந்தது உரோம டச்சுச் சட்டம். 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் அதனை நிலைபெறச் செய்தனர். நன்னம்பிக்கை முனைக்கும் அதே ஒல்லாந்தர் அதே சட்டத்தைக் கொண்டு சென்றமையால், தென்னாபிரிக்கத் தீர்ப்புகளை எமது நீதிமன்றங்கள் மதிப்புடன் நோக்குவது வழக்கம். அவை எமது மன்றுகளைக் கட்டுப்படுத்துவனவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எசமானின் கவனக்குறைவை நிரூபித்து நட்டஈடு கோரும் வழி இங்கு நன்கு பழகியது. அத்துடன், ஆபத்து நேராதவாறு தன் விலங்கைக் காவாது விடுவதை எமது தண்டனைச் சட்டக்கோவையும் குற்றமெனக் கூறுகின்றது.

சொந்தக்காரர் தப்பும் வாயில்கள் இல்லாமலில்லை. கடிபட்டவரே நாயைச் சீண்டியிருந்தால், அல்லது உரிமையின்றி வளவுக்குள் புகுந்திருந்தால், பழைய சட்டம் அவருக்குத் துணைநிற்பதில்லை. வேறொருவர் நாயைத் தம் பொறுப்பில் வைத்திருந்து கவனக்குறைவால் கேடு நேரவிட்டாலும் சொந்தக்காரர் தப்பலாம். 1993 இல் தென்னாபிரிக்காவிலே தீர்ந்த ஒரு வழக்கில், சொந்தக்காரர் வெளிநாடு சென்றிருந்தார். வீடும் நாயும் ஒரு நண்பர் வசம் இருந்தன. வேலை நிமித்தம் வரவிருந்தவர் நாயைக் கட்டிவைக்கும்படி முன்னரே சொல்லியிருந்தும், நண்பர் கட்டவில்லை. கடித்தது நாய், பிழை நண்பருடையது, சொந்தக்காரர் விடுபட்டார். ஊருக்குப் போகும்போது அயல்வீட்டுத் தம்பியிடம் நாயை ஒப்படைத்துச் செல்வோரும், அதனை ஏற்றுக்கொள்ளும் தம்பிமாரும் இதனைக் கருத்திற் கொள்க.

"நாய் கவனம்" என்று படலையிலே பலகை தொங்கவிட்டால் போதாதா? களவெடுக்க வருபவனுக்கு அது போதும். தபாற்காரர் தம் கடமையைச் செய்ய வருகின்றார்; எழுத்தறியாக் குழந்தை பந்தை எடுக்க வருகின்றது; தெருவிற் செல்பவர் பலகையைப் படிக்கக் கடமைப்பட்டவரே அல்லர். உயர்ந்த வேலியும், தானாக மூடிக்கொள்ளும் படலையும், கடிதப்பெட்டியை வெளிப்புறத்தே வைத்தலும் பலகையைவிட மேலான காவல்.

இனி, கடி நிகழ்ந்துவிட்டதென்றால் வழக்குப் பேச்சுக்கு முன் உயிர்ப் பேச்சு உண்டு. விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே காயத்தை ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் காயத்தில் அப்புதல் கூடாது. நாயின் தடுப்பூசி அட்டையை எசமான் ஒளிக்காது வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெட்கத்தாலோ கோபத்தாலோ நாயை அடித்துக் கொன்றுவிடுவோர் பெரும் தவறு செய்கின்றனர். கட்டிவைத்துப் பத்து நாள் நோக்கினால், அது நலமாயிருப்பதே கடிபட்டவருக்கு ஆறுதல் தரும் சான்று. இடையில் இறந்தால், அதன் தலையைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்பிச் சோதிப்பிக்கலாம். 1901 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிந்து வைத்திருந்தால், அது யாருடையது என்ற தர்க்கமும் எழாது.

கடிபட்டவரும் செலவுச் சிட்டைகளையும் வேலைக்குச் செல்லாத நாட்களின் கணக்கையும் பேணி வைத்தல் வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றத்தை அடையுமுன் இணக்க சபைக்குச் செல்ல வேண்டுமென 1988 ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. ஒரே ஒழுங்கையில் வாழ்பவர்கள் எதிரெதிரே அமர்ந்து, சிட்டைகளை மேசையில் வைத்து, தொகையைப் பேசிக்கொள்ளலாம்.