தெருவில் கிடந்த மோதிரம்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன். தெருவில் நடந்து போகிறீர்கள். உங்களுக்கு முன்னால் போகும் ஆள் சட்டென்று குனிந்து எதையோ பொறுக்குகிறான். உள்ளங்கையில் மோதிரம் ஒன்று மஞ்சளாக மின்னுகிறது. "இது தங்கம்தானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்று உங்களிடம் நீட்டுகிறான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தங்கம்தான் போலிருக்கிறது என்கிறீர்கள். எனக்கு இது எதற்கு, ஏதாவது கொடுத்துவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். கேட்பது தங்கத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான். காசு கைமாறுகிறது, அவன் கூட்டத்தில் கலந்துவிடுகிறான். மோதிரம் பித்தளை, தங்கம் மேலே பூசிய முலாம் மட்டும்.

லண்டன் திருடர்களின் குழூஉக்குறியில் இந்த வேலைக்கு 'ஃபானி ரிக்' என்று பெயர். ஃபானி என்றால் மோதிரம், ரிக் என்றால் தந்திரம். போலி, பாசாங்கு, வேஷம் என எதைக் கண்டாலும் இன்று ஆங்கிலம் பேசுவோர் வாயில் வரும் 'ஃபோனி' என்ற சொல் இந்த மோதிரத்தின் வழிவந்தது என்பதே அகராதி ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு.

ஃபானி ஆங்கிலச் சொல்லே அல்ல. ஐரிஷ் மொழியில் மோதிரத்துக்கும் வளையத்துக்கும் பெயர் 'ஃபான்யெ'. பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த அயர்லாந்து மக்களோடு சொல்லும் வந்து, தெருவோரப் பேச்சில் ஒட்டிக்கொண்டது. தாய்நாட்டில் அந்தச் சொல்லுக்கு எந்தக் களங்கமும் இல்லை. ஐரிஷ் மொழி பேசத் தெரிந்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன வளையத்துக்கும் இன்றுவரை அதே பெயர்தான். மொழியில் தேர்ந்தவர் தங்க நிற வளையம் அணிவார், கற்றுக்கொண்டிருப்பவர் வெள்ளி நிறம். ஒரே சொல் சொந்த ஊரில் மொழிப்பற்றின் அடையாளமாகவும், அக்கரையில் மோசடியின் பெயராகவும் ஆனது எனக்குத் தீராத வியப்பு.

அந்தத் தெருப் பேச்சை நமக்காகக் காப்பாற்றித் தந்தவர்களுள் முக்கியமானவர் ஃபிரான்சிஸ் க்ரோஸ். படையில் இருந்தவர், பழம்பொருள் ஆர்வலர், பருத்த உடம்புக்காரர். கற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் சொற்களைக் கேட்பதற்காகவே இரவு நேரங்களில் லண்டனின் இருண்ட சந்துகளிலும் சாராயக்கடைகளிலும் திரிந்தார். கொச்சைச் சொற்களுக்கான அவருடைய அகராதி 1785இல் முதன்முதலில் வெளிவந்தது. பின்னர் விரிவாக்கிய பதிப்புகளில் ஃபானி ரிக் இடம்பெற்றிருக்கிறது. விற்பவன் கேட்கும் விலை தங்கத்தின் விலையைவிடக் குறைவு, ஆனால் மோதிரத்தின் உண்மையான மதிப்பைப் போல் பத்து மடங்கு என்று கணக்கையும் அந்த அகராதி சொல்லிவிடுகிறது. இழிந்தோர் பேச்சு என்று ஒதுக்கப்பட்டதை அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால், இந்தச் சொல்லின் கதையில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. க்ரோஸ் 1791இல் இறந்தது டப்ளினில், ஃபான்யெயின் சொந்த மண்ணில்.

இனி மோதிரத்துக்கு வருவோம். பித்தளை ஏன் தங்கம் போலத் தெரிகிறது? உலோகங்களில் பெரும்பாலானவை வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் இருக்கும். இரும்பு, வெள்ளீயம், வெள்ளி, அலுமினியம் எல்லாமே தம்மீது விழும் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புகின்றன. பளிச்சென்று நிறம் காட்டும் உலோகங்களில் நாம் அன்றாடம் காண்பவை தங்கமும் செம்பும் மட்டுமே.

தங்கத்தின் மஞ்சளுக்குப் பின்னால் ஐன்ஸ்டைன் நிற்கிறார். தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள் இருக்கின்றன. அவ்வளவு மின்னேற்றம் இழுக்கும் இழுப்பில், கருவுக்கு மிக அருகிலுள்ள எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. அத்தனை வேகத்தில் சார்பியல் விதிகள் கணக்கில் வந்தே தீரும். வெளிச்சுற்றுகளில் ஒன்று உள்ளே சுருங்குகிறது, இன்னொன்று சற்று விரிகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஆற்றல் இடைவெளி குறைகிறது. அந்த இடைவெளியைத் தாண்ட நீல ஒளியே போதும். ஆகவே தங்கம் நீலத்தை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு மஞ்சள். வெள்ளியில் இந்த இடைவெளி அதிகம். அதைத் தாண்டப் புறஊதா ஒளி வேண்டும் என்பதால் வெள்ளி வெள்ளையாகவே இருக்கிறது.

செம்பின் கதை வேறு. 29 புரோட்டான்களே உள்ள அணுவில் சார்பியலின் பங்கு சொற்பம். ஆனாலும் அதன் ஆற்றல் இடைவெளி இயல்பாகவே குறைவானது. நீலத்தோடு பச்சையையும் விழுங்குவதால் சிவப்பாகத் தெரிகிறது. செம்போடு துத்தநாகத்தைக் கலந்தால் துத்தநாகத்தின் கூடுதல் எலெக்ட்ரான்கள் கலவைக்குள் வந்து சேர்கின்றன. விழுங்கும் எல்லை பச்சையை விட்டு விலகி நீலத்தை நோக்கி நகர்கிறது, சிவப்பு வெளுத்து மஞ்சளாகிறது. துத்தநாகம் பத்து இருபது சதவீதம் சேர்ந்த நிலையில் அந்த எல்லை தங்கத்தின் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கனத்த அணு ஒன்று தனக்குள் ஓடும் எலெக்ட்ரான்களின் வேகத்தால் பெற்ற நிறத்தை, இரண்டு மலிவான உலோகங்கள் வேறு வழியில் போய் எட்டிப்பிடிக்கின்றன. லண்டன் தெருவில் ஏமாந்தவரின் கண்ணில் குறையில்லை. அது பார்த்த மஞ்சள் உண்மையான மஞ்சள்.

பித்தளை செய்வதும் எளிதாக இருக்கவில்லை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகவோ 1,085 டிகிரி வேண்டும். தாதுவைச் சூடாக்கினால் துத்தநாகம் உலோகமாகத் தங்காமல் புகையாகப் பறந்துவிடும். அதனால் செம்புத் துண்டுகளையும் துத்தநாகத் தாதுவையும் கரியையும் மூடிய மூசையில் சேர்த்து வைத்துச் சுட்டார்கள். எழும் ஆவி செம்புக்குள் ஊறிப் பித்தளையானது. அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துத் தனித் துத்தநாகமாக்கும் முறைக்கு இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் 1738இல் காப்புரிமை பெற்றார். ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கப் பகுதியில் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

மேல்பூச்சும் சாமர்த்தியமான வேலைதான். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி மோதிரத்தில் தடவி அனலில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும். தங்கம் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியை நாள்தோறும் மூச்சில் இழுத்த முலாம் தொழிலாளிகள் கை நடுங்கி, பல் உதிர்ந்து, நோயில் விழுந்தார்கள். போலி மோதிரத்தின் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தோல் இருக்கும்வரை பொற்கொல்லரின் சோதனைகூடத் தடுமாறும். நைட்ரிக் அமிலம் பித்தளையைக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. ஆனால் துளி விழுவது முலாம் மேல் அல்லவா? எனவே அரத்தால் சற்றுக் கீறி, உள்ளே இருக்கும் உலோகத்தை உரைகல்லில் தேய்த்து, அந்தக் கோட்டின் மேல் அமிலம் விட வேண்டும். தெருவில் நிற்பவரிடம் உரைகல் ஏது? அவர் கையில் இருந்த ஒரே சோதனை எடை. சுத்தத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், பித்தளை ஏறக்குறைய 8.5. நகைத் தங்கத்தில் வேறு உலோகம் கலந்திருப்பதால் வித்தியாசம் குறையும் என்றாலும், 18 கேரட் மோதிரத்தின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் அதே அளவுள்ள பித்தளை மோதிரம் இருக்கும். தங்கத்தைக் கையாண்டு பழகியவருக்கு உள்ளங்கையே சொல்லிவிடும். தங்கத்தை என்றும் ஏந்திப் பார்க்காத கைக்கு எப்படித் தெரியும்? ஃபானி ரிக் தேடிப் பிடித்தது அத்தகைய கைகளைத்தான்.

மனித மனத்தைப் பற்றிய கூர்மையான அறிவும் இந்தத் தந்திரத்தில் உண்டு. 1851இல் ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெரும் நூலில் இந்தத் தொழிலில் இருந்தவனின் வாக்குமூலமும் இருக்கிறது. இது நல்ல தங்கமா என்று அவன் கேட்பானாம். தங்கம்தான் என்று சொல்வது எதிரே நிற்பவர். விற்பவன் பொய் சொல்லவே தேவையில்லை. தீர்ப்பு நம் வாயிலிருந்து வந்துவிட்ட பிறகு அதை நாமே மறுப்பது கடினம். பாரிஸில் சேன் நதிக்கரையில் சுற்றுலாப் பயணிகளிடம் இதே நாடகம் இன்றும் நடக்கிறது.

சொல் அட்லாண்டிக்கைத் தாண்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அச்சில் ஃபோனியாகத் தலைகாட்டுகிறது. மட்ட நகை விற்றுத் திரிபவனை 'ஃபோனி மேன்' என்றார்கள். பிறகு மோதிரம் மறந்துபோய்ப் போலிச் சீட்டு, போலிப் பெயர், போலி மனிதர் என்று விரிந்தது. போன வழியில் எழுத்தும் மாறியது. அயர்லாந்துச் சொல்லுக்குக் கிரேக்க உடை போட்டதுபோல, டெலிஃபோனின் 'ஃபோன்' பகுதியைத் தொடங்கும் 'ph' என்ற இரண்டு எழுத்துகள் அதன் முதலில் வந்து சேர்ந்தன. அந்த எழுத்துகளை நம்பி, முகம் தெரியாமல் தொலைபேசியில் பேசுவதிலிருந்து பிறந்த சொல் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு.

இந்தச் சொல் இரண்டாம் உலகப் போருக்குள்ளும் நுழைந்தது. 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துமீது படையெடுத்ததும் பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்த பிறகும் மேற்கு முனையில் மாதக்கணக்கில் பெரிய சண்டை நடக்கவில்லை. இந்தப் போரில் ஏதோ ஃபோனித்தனம் இருக்கிறது என்று அமெரிக்க செனட்டர் வில்லியம் போரா சொன்னதாகப் பரவி, 1940 மே வரையிலான அந்தக் காலத்துக்கு 'ஃபோனி போர்' என்றே பெயர் நிலைத்தது. போலந்துக்காரர்களுக்கு அந்தப் போரில் எதுவுமே போலியில்லை. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் இது மனத்தை உறுத்துகிறது. 1951இல் அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் நாவலில் ஹோல்டன் என்ற பதின்வயதுப் பையன், பெரியவர்களின் உலகத்தையே இந்த ஒற்றைச் சொல்லால் ஒதுக்கித் தள்ளினான்.

ஆங்கிலம் போலிக்கான சொற்களை உலோகப் பட்டறையிலிருந்தே மறுபடி மறுபடி எடுத்திருக்கிறது. 'போகஸ்' என்ற சொல் 1827இல் ஒஹாயோவில் கள்ளக் காசு அச்சடிக்கும் கருவியின் பெயராகப் பத்திரிகையில் வந்தது. பர்மிங்காம் நகரின் பேச்சுவழக்குப் பெயரான 'ப்ரம்மஜம்', அங்கு அடித்த கள்ளக் காசுகளால் பகட்டுச் சரக்கைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

இவற்றில் மிகவும் அநியாயமாகப் பழி சுமந்தவர் கிறிஸ்டோஃபர் பிஞ்ச்பெக். லண்டன் ஃப்ளீட் தெருவில் கடிகாரம் செய்தவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்பது சதவீதத்துக்கு மேல் செம்பும் மீதி துத்தநாகமும் சேர்த்துத் தங்கம் போன்ற உலோகத்தை உருவாக்கினார். முலாமே தேவைப்படாத அழகு அதற்கு. அதை அவர் தங்கம் என்று விற்கவில்லை, தன் பெயரிலேயே விற்றார். வழிப்பறிக்கு அஞ்சியவர்கள் பயணத்தின்போது அதில் செய்த நகைகளைப் போட்டுக்கொண்டார்கள். 1732இல் அவர் இறந்தார். அடுத்தவர்கள் அந்தப் பெயரில் மட்டரகச் சரக்கை விற்க, 'பிஞ்ச்பெக்' என்றாலே போலி என்று அகராதியில் ஏறிவிட்டது. 1854இல் 9 கேரட் தங்கத்தைச் சட்டம் அனுமதித்ததும் மலிவுத் தங்கம் பெருகி, அந்த உலோகமும் வழக்கொழிந்தது. இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்கள் அவருடைய காலத்து நகைகளைத் தேடி நல்ல விலை கொடுக்கிறார்கள். சந்தையில் பிஞ்ச்பெக் என்ற பெயரில் வருவதில் நிறைய, வெறும் முலாம் பூசிய பித்தளை. அதனால் வாங்குகிறவர் முதலில் கேட்பது, இது அசல் பிஞ்ச்பெக்தானா என்று.