மூன்றரை வட்டி

வட்டியை ஆண்டுக் கணக்கில் பேசும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியதே இல்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் அது ஒரு வட்டி. இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. மூன்று வட்டி என்று சொன்னாலோ, கேட்க வந்த குடும்பஸ்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையை விட்டு இறங்கிவிடுவான். அவ்வளவு விவேகமுள்ள சமூகத்தில் பிறந்தவர்கள், மாதம் மூன்றரையும் சில இடங்களில் மூன்றே முக்காலுமாக வட்டி எழுதும் கடன் அட்டையைச் சட்டைப் பையில் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு சஞ்சலமின்றி நடமாடுவதற்கு ஒரே ஒரு காரணந்தான் உண்டு என்பது என் அபிப்பிராயம்: அட்டை கொடுத்தவர் கடனைப் பற்றி நம்மிடம் பேசுவதே இல்லை, 'குறைந்தபட்சத் தொகை' என்ற ஒரு சிறு எண்ணைப் பற்றித்தான் பேசுகிறார். அந்தச் சிறு எண் ஒரு நாள் பெரிதாகும்போதுதான் வீட்டில் கலவரம் பிறக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் காலைக் காபியைக் குடித்து முடிப்பதற்குள், பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் நான்காக மடித்த காகிதத்தோடு வந்து சேர்ந்தார். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கராக இருப்பவர். பிறர் கணக்கில் எட்டணா குறைந்தாலும் இரவு தூங்காதவர். "ஸார், போன மாசம் மினிமம் டியூ நாலாயிரத்து இருநூறு. இந்த மாசம் பன்னிரண்டாயிரத்து அறுநூறு! ஒரே மாசத்திலே மூணு மடங்கா ஏத்துவானா?" என்று காகிதத்தை என் முன்னே விரித்தார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். மகளின் பரீட்சைக் கட்டணம் குறுக்கே வந்ததால் போன மாதம் அவர் கட்டாமல் விட்ட 4,200 ரூபாய் முதல் வரியில் அப்படியே நின்றது. பழைய பிரிட்ஜ் பழுதாகிப் புதியதை அட்டையிலேயே தவணைக்கு வாங்கியிருந்தார். தவணையில் குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாதாகையால் அதன் 3,150 ரூபாயும் முழுமையாக வந்து உட்கார்ந்திருந்தது. வட்டி, தாமதக் கட்டணம், அவ்விரண்டின் மேலும் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. ஆகச் சேர்ந்து 4,410. மிச்சம் 840 ரூபாய்தான் அசலைக் குறைக்கவென்று கேட்கப்பட்ட புதிய பங்கு. கூட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. கணக்கர் அல்லவா, கூட்டல் சரியாக இருந்ததே அவருக்குப் பெரிய துக்கமாகிவிட்டது.

நண்பரின் கோபம் பன்னிரண்டாயிரத்தின் மேல். எனக்கோ போன மாதத்து நாலாயிரத்தின் மேல்தான் கோபம். ஒரு லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருப்பவரிடம் நம் நாட்டு வங்கிகள் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது ஐயாயிரம் ரூபாய் கேட்கின்றன. மூன்றரை வட்டி என்றால் அந்த மாதத்து வட்டி 3,500, வரி 630. ஐயாயிரத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறவருக்கு, லட்சத்திலிருந்து ஏறக்குறைய 870 ரூபாய்தான் கழிகிறது. இது போதாதென்று, முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கே வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை உரியதாகையால், பாக்கி வைத்தவர் மறுநாள் வாங்கும் அரைக் கிலோ காபித் தூளுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. குறைந்தபட்சத் தொகை சிறியதாக இருப்பது தயாளத்தினால் அன்று. கடன் தீராமலிருப்பதற்கு அதுவே உபாயம்.

அமெரிக்காவில் இந்த உபாயம் ஒரு காலத்தில் உச்சத்துக்குச் சென்றிருந்தது. அங்கே பாக்கியில் நூற்றுக்கு இரண்டு கட்டினால் போதும் என்ற அளவுக்கு வங்கிகள் இறங்கி வந்திருந்தன. அந்தத் தொகை சிலருக்கு வட்டிக்கும் அபராதத்துக்குமே போதாமல், மாதம் தவறாமல் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போயிற்று. 2003 ஜனவரியில் வங்கிகளைக் கண்காணிக்கும் மத்திய ஸ்தாபனங்கள், நியாயமான காலத்துக்குள் அசல் தீரும் வண்ணம் குறைந்தபட்சத் தொகையை நிர்ணயிக்க வேண்டுமென்று வழிகாட்டுதல் பிறப்பித்தன. பெரிய வங்கிகள் அதை 2005, 2006-ஆம் ஆண்டுகளில் அமல்படுத்தியபோது, பத்தாயிரம் டாலர் பாக்கிக்கு மாதம் இருநூறு டாலர் கட்டிப் பழகியவர்களில் பலர் நானூறு டாலர் வரை கட்ட வேண்டி வந்தது. நன்மைக்காகச் செய்த காரியந்தான். ஆனால் மருந்தின் கசப்பு முழுவதும் நோயாளிக்கே வந்து சேர்ந்தது. பின்னர் 2009-இல் இயற்றப்பட்ட சட்டம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர எத்தனை காலமாகும், மூன்று ஆண்டுகளில் தீர்க்க வேண்டுமானால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் பில்லிலேயே அச்சிடும்படி செய்தது.

இங்கே ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவும் அதே திசையில் செல்வதுதான்: கட்டிய பிறகும் கடன் வளரும்படியாகக் குறைந்தபட்சத் தொகையை வைக்கலாகாது, கட்டாமல் நின்ற கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றின் மேல் வட்டி போடலாகாது. ஆனால் வட்டிக்கு உச்சவரம்பு? தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. அட்டைக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்ததும் உண்மை. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வட்டியை நிர்ணயிக்கும் விஷயம் ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பது அதன் சாரம். ஆகவே மூன்றரை வட்டி மூன்றரையாகவே நிற்கிறது. சமாளிக்க வேண்டியவர்கள் நாமே.

நண்பரிடம் முதலில் சொன்னது, அட்டையை மகளின் ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துவிடச் சொன்னதுதான். கடனைக் கட்டிக்கொண்டே அதே அட்டையில் மளிகை வாங்குவது, ஓட்டைக் குடத்துக்கு வாய்வழியே தண்ணீர் ஊற்றுகிற வேலை. இரண்டாவது, ஒரு கார்டில் பணமெடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டும் யோசனை அவருக்கு ஏற்கெனவே உதித்திருந்ததால், அதைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தது. ரொக்கமாக எடுத்தால் எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி. கூடவே தனிக் கட்டணம்.

அடுத்தது, விலையுயர்ந்த கடனை விலை குறைந்த கடனால் அடைப்பது. வங்கியே பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும். அதற்குரிய வட்டி பெரும்பாலும் அட்டை வட்டியில் பாதியை எட்டாது. ஆனால் கெடு தவறி, பேச்சு வசூல்காரரிடம் போன பிறகு கேட்பதைவிட முன்னதாகக் கேட்பதே சௌகரியம். 'பாதியைக் கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம்' என்று பின்னால் வரும் சமரசத்தை இனிப்பென்று எண்ணிவிடக் கூடாது. கடன் வரலாற்று அறிக்கையில் 'தீர்ந்தது' என்பதற்குப் பதிலாக 'சமரசம்' என்று ஏறிவிடும் குறிப்பு, பிற்பாடு வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது எதிரே வந்து நிற்கும். வசூல்காரர்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் தொலைபேசியில் தொந்தரவு செய்யலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் காசு செலவில்லாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று பீரோவில் இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. வங்கியில் நகைக்கடன் ஏறக்குறைய முக்கால் வட்டிக்குக் கிடைக்கும். மிஞ்சிப்போனால் ஒரு வட்டி. மூன்றரை எங்கே, முக்கால் எங்கே! ஆயினும், பிறர் வீட்டு வளையலைப் பற்றி யோசனை சொல்வது எவ்வளவு தர்மசங்கடமான காரியம் என்பது சம்சாரிகளுக்குத் தெரியும். நான் தயங்கியதைப் பார்த்து அவரே புரிந்துகொண்டு, "அவகிட்டே இன்னும் சொல்லலை, ஸார்" என்றார். காகிதத்தைப் பழையபடி நான்காக மடித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தார். நான்கு வளையல்களில் இரண்டு வங்கிக்குப் போய்விட்டன. அட்டைப் பாக்கி பைசல். தவணைப் புத்தகம் மாதிரி ஒரு சிறு நோட்டு போட்டு, நகைக்கடனுக்கு மாதாமாதம் எவ்வளவு கட்டுவதென்று தானே கோடு கிழித்து எழுதிக் கொண்டுவந்திருந்தார். "வீட்டிலே ரொம்ப வருத்தப்பட்டார்களா?" என்று கேட்டேன்.

"வளையலுக்காக ஒண்ணும் சொல்லலை, ஸார். 'மூணரை வட்டின்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பிரிட்ஜே வேண்டாம், மண்பானை போதும்னு சொல்லியிருப்பேனே'ன்னு கேட்டா. எனக்கே அது மூணரை வட்டின்னு நீங்க பென்சில் எடுத்த அப்புறந்தானே தெரிஞ்சுது!"