கணக்கில் வராத கணினிப் பணிகள்

எங்கள் பள்ளிக் கணினிக் கழக அறையின் மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அறிவியல் கூடத்து வெப்பநிலை உணரி அனுப்பும் அளவுகளைச் சேமித்து வருகிறோம். ஒருநாள் பிற்பகல் அதன் விசிறி, அறையில் பேசுவதே கேட்காத அளவுக்கு இரைந்தது. எந்தப் பணி மையச் செயலகத்தை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் 'டாப்' கருவியைத் திறந்தேன். மேலே, மொத்தப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் என்றிருந்தது. கீழே பட்டியலில் இருந்த பணிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 20 கூடத் தேறவில்லை.

மீதி எங்கே போனது? வைரஸாக இருக்குமோ என்றுதான் முதலில் பயந்தேன்.

துப்புக் கொடுத்தது வேறொரு எண். லினக்ஸில் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு பணிக்கும் வரிசையாக ஓர் எண் கிடைக்கும். கிளினிக்கில் கையில் கொடுப்பார்களே, அந்த வரிசை எண்ணைப் போல. ஒரு சிறு கட்டளையைத் தட்டி அதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன். பத்து விநாடி கழித்து இன்னொன்றைத் தட்டினேன். எண் ஆயிரத்துக்கும் மேல் தாண்டிப் போயிருந்தது! இடையில் ஆயிரம் பேர் வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காத்திருக்கும் அறையிலோ ஒருவரையும் காணவில்லை.

காரணம் வைரஸ் இல்லை, ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் எழுதிய சிறிய ஸ்கிரிப்ட். உணரி விநாடிக்கு ஓர் அளவு அனுப்புகிறது. ஒரு வாரத்துக்கு 604,800 வரிகள். அவன் எழுதிய நிரல், வரிக்கு வரி இரண்டு குட்டி நிரல்களை எழுப்பி, வேலை வாங்கி, அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக, 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட பணிகள். ஒவ்வொன்றின் ஆயுளும் சில மில்லி விநாடிதான். 'டாப்' கருவியோ சாதாரணமாக 3 விநாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். இரண்டு பார்வைக்கு நடுவே பிறந்து மடிந்த பணி அதன் பட்டியலில் ஏறவே ஏறாது.

இது கருவியின் குறைதானே, இயங்குதளத்தின் உள்கணக்கு சரியாக இருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த உள்கணக்கே பல ஆண்டுகள் இதே வழியில்தான் எழுதப்பட்டது.

பள்ளி மண்டபத்தில் ஒரே ஒரு பூப்பந்துத் திடல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று எழுதும் பொறுப்பு கட்டொழுங்கு ஆசிரியருக்கு. அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, அந்தக் கணத்தில் திடலில் நிற்பவர் பெயரில் பத்து நிமிடத்தையும் எழுதிவிட்டுப் போகிறார். ஒன்பது நிமிடம் ஆடிவிட்டு அவர் வரும்முன் ஓரமாக உட்கார்ந்தவன் கணக்கில் சுழியம். கீழே கிடந்த பந்தை எடுக்க உள்ளே வந்தவன் கணக்கில் பத்து.

கணினியில் அந்த ஆசிரியர், கடிகார மணி. ஆங்கிலத்தில் 'டிக்' என்பார்கள். பழைய லினக்ஸில் அது விநாடிக்கு 100 முறை அடித்தது. பிறகு 250, 1000 என்றும் வைத்தார்கள். விண்டோஸில் வழக்கமாக 64 முறை. மணி அடிக்கும்போது மையச் செயலகத்தில் எந்தப் பணி ஓடுகிறதோ, அதன் பெயரில் ஒரு முழு டிக் எழுதப்படும்.

இப்படி எழுதினால் எல்லாமே தவறாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் 4 மில்லி விநாடி என்போம். 1 மில்லி விநாடி மட்டுமே ஓடும் பணிகள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றுள் ஏறக்குறைய 250 பணிகள் மணியிடம் மாட்டும். ஒவ்வொன்றுக்கும் 4 மில்லி விநாடி எழுதப்படும். கூட்டினால் 1000. மொத்தம் சரி! தனித்தனியாகப் பார்த்தால்தான் ஆயிரமும் பிழை: 750 பணிகளுக்குச் சுழியம், 250 பணிகளுக்கு நான்கு மடங்கு. என் கணினியில் மொத்தம் 90 என்று சரியாகக் காட்டியதற்கும் இந்தச் சராசரிதான் காரணம்.

சராசரி நம்மைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. பணிகள் மணியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வந்துபோக வேண்டும். நடைமுறையில் அது இல்லை. 'கொஞ்ச நேரம் கழித்து என்னை எழுப்பு' என்று தூங்கப்போன பணியை எழுப்புவதும் அதே கடிகார மணிதான். மணி அடிக்கிறது, கணக்கு எழுதப்படுகிறது, அதன்பிறகு தூங்கும் பணி எழுகிறது, வேலையைச் செய்கிறது, அடுத்த மணிக்குள் மறுபடி தூங்கிவிடுகிறது. ஆசிரியர் திரும்பிப் போன பின்னரே திடலில் இறங்கும் மாணவனைப் போல. இது ஒருநாள் தவறு இல்லை, நாள்தோறும் ஒரே திசையில் நடக்கும் தவறு. எத்தனை ஆயிரம் முறை அளந்தாலும் சராசரி சீராகாது. இயற்பியல் வகுப்பில் முறையான பிழை, தற்செயல் பிழை என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

1993ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் மெக்கேன், கிறிஸ் டோரெக் இருவரும் இதை எடுத்துக்காட்டி, கணக்கு எடுக்கும் கடிகாரம் ஒழுங்கற்ற இடைவெளியில் அடிக்கட்டும் என்று வழி சொன்னார்கள். ஆசிரியர் எப்போது வருவார் என்று தெரியாவிட்டால் ஒளிய முடியாது அல்லவா?

தெரிந்தால் என்ன ஆகும் என்பதை 2007இல் டான் சாஃப்ரிர், யோவ் எட்சியான், டிரோர் ஃபைட்டல்சன் ஆகிய மூவர் காட்டினார்கள். எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத சாதாரண நிரல் ஒன்று, மணிக்கு மணி ஒளிந்து ஒளிந்து, மையச் செயலகத்தில் தான் விரும்பிய பங்கை எடுத்துக்கொள்ள முடியும். பட்டியலிலோ அது எதையும் பயன்படுத்தாததாகவே தெரியலாம். திருடிய நேரம் பக்கத்தில் ஓடும் அப்பாவிப் பணியின் பெயரில் ஏறும். அதைவிட மோசம், குறைவாகப் பயன்படுத்தியவனுக்கே அடுத்த வாய்ப்பு என்பது இயங்குதளத்தின் நியாயம். கணக்கில் சுழியம் என்பதால் திருடனுக்கே முன்னுரிமை! அவர்கள் சோதித்தவற்றுள் மேக் இயங்குதளம் மட்டும் இதில் சிக்கவில்லை.

கணினி நேரத்தை வாடகைக்கு விடும் இடத்தில் இது காசு விவகாரமாகிவிடும். பல வாடிக்கையாளர்கள் ஒரே இயந்திரத்தைப் பகிர உதவும் ஸென் என்ற மென்பொருளும் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை பார்த்துத்தான் கணக்கில் கழித்தது. அதே தந்திரத்தால் ஒரு வாடிக்கையாளர் மற்றவர்களின் பங்கையும் எடுத்துக்கொள்ளலாம் என்று 2011இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஏன் முதலிலேயே துல்லியமாக அளக்கவில்லை? முன்னோடிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1970களில் யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியில், மின்சாரத்தின் அலைவையே மணியாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் அது விநாடிக்கு 60. அந்த இயந்திரம் ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் இடையே சில ஆயிரம் கட்டளைகளைத்தான் செய்து முடிக்கும். ஒளிந்துகொள்ள அவ்வளவாக இடமில்லை. இன்று 3 கிகாஹெர்ட்ஸ் சில்லு ஒன்று 10 மில்லி விநாடியில் 3 கோடி முறை துடிக்கிறது. மணி ஏறக்குறைய அதே வேகத்தில் இருக்க, ஆட்டக்காரர் பல ஆயிரம் மடங்கு வேகமாகிவிட்டார்.

இப்போது முறை மாறியிருக்கிறது. 2007 அக்டோபரில் வந்த லினக்ஸ் 2.6.23 பதிப்பிலிருந்து, ஒரு பணி உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நேரம் நானோ விநாடிக் கணக்கில் குறிக்கப்படுகிறது. அதே ஆண்டு பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவும் பணி வாரியாகச் சில்லின் துடிப்புகளை எண்ணத் தொடங்கியது. ஆனால் பழைய பழக்கம் முழுதாகப் போகவில்லை. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஒரு பணியின் மொத்த நேரம் துல்லியம். அதில் நிரலுக்கு எவ்வளவு, இயங்குதளத்துக்கு எவ்வளவு என்ற பிரிவினை இன்னும் மணியடித்துப் போடும் மதிப்பீடுதான்.

கணக்கு துல்லியமானாலும் மடிந்த பணி பட்டியலில் வராதே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. இறந்த பிள்ளையின் நேரத்தைத் தாய்ப்பணி கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. 'டாப்' திரையில் பெரிய எஸ் எழுத்தைத் தட்டினால் அந்த நேரமும் தாயின் கணக்கில் சேர்த்துக் காட்டப்படும். நான் தட்டியதும், அதுவரை அடக்கமாக இருந்த மாணவனின் ஸ்கிரிப்ட், நேரக் கணக்கில் எல்லாவற்றையும் தாண்டி நின்றது. எந்தத் தாயும் கேட்டு வாங்காத பிள்ளைகளின் நேரம் மட்டும் அப்படியே தொலைந்துவிடும்.

மறுவாரம் அவன் அதைத் திருத்தி எழுதினான். வரிக்கு வரி யாரையும் எழுப்பாமல், ஒரே நிரல் எல்லா வரிகளையும் படித்தது. முன்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இழுத்த வேலை சில விநாடிகளில் முடிந்தது. விசிறி வாயே திறக்கவில்லை. அந்தச் சில விநாடிகளில் 'டாப்' பட்டியலின் உச்சியில் அவன் நிரலின் பெயர், பக்கத்தில் 97 விழுக்காடு. முகம் வாடிப்போய்த் திரும்பினான். "சார், முன்பு பத்துதானே காட்டியது?"