கடிதம் இல்லாமல் வந்த பதில்

காதலிக்கிறவர்களுக்கும், காதலிக்க விரும்புகிறவர்களுக்கும், காதலில் ஒரு முறை அடிபட்டு எழுந்தவர்களுக்கும் உபதேசம் சொல்ல இன்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இன்ஸ்டாகிராமைத் திறந்து நாலு ரீல்ஸைத் தள்ளிவிட்டால், ஐந்தாவதில் ஒரு யுவதியோ வாலிபரோ காமிராவை நேராகப் பார்த்து, "மூன்று நாளாக அவன் பதில் போடவில்லையா? அதுதான் பதில்" என்று தீர்மானமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒரே விஷயத்தைப் பற்றி, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில், ஆயிரக்கணக்கானவர்கள் இவ்விதம் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சுகளுள் பெரும்பாலானவை நூறு பேர் கண்ணில்கூடப் படாமல் மறைந்துபோவதும், ஏதோ ஒன்று மட்டும் கடல் கடந்து லட்சக்கணக்கான மனிதர்களின் கைக்குப் போய்ச் சேருவதும் ஏன் என்ற கேள்வி, விளம்பரத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதென்று நான் நினைக்கவில்லை. மனிதர்கள் தங்கள் அந்தரங்கமான சங்கடத்தில் யாருடைய வார்த்தையை நம்புகிறார்கள், எந்தக் காரணத்தால் நம்புகிறார்கள் என்பதை அறிய விரும்புகிற ஒவ்வொருவருக்கும் அது உரிய கேள்வியே.

இந்த உபதேசத் தொழில் புதியதன்று. 1691-ஆம் ஆண்டு லண்டன் நகரத்தில் ஜான் டண்டன் என்ற புத்தக வியாபாரி 'அதீனியன் மெர்க்குரி' என்ற பெயரில் ஒற்றைத் தாள் பத்திரிகையொன்றைத் தொடங்கி, வாசகர்கள் தங்கள் பெயரை வெளியிடாமல் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம், ஒரு பண்டிதர் குழு அதற்கு விடை சொல்லும் என்று அறிவித்தார். அந்தக் குழுவில் டண்டனையும், ரிச்சர்ட் ஸால்ட் என்ற கணித ஆசிரியரையும், சாமுவேல் வெஸ்லி என்ற பாதிரியாரையும் தவிர அதிகம் பேர் இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தகப்பனார் இந்த சாமுவேல்தாம். வான சாஸ்திரத்தைப் பற்றியும் சமயத் தத்துவங்களைப் பற்றியும் சந்தேகங்கள் வந்த அதே தபாலில், காதலையும் கலியாணத்தையும் பற்றி, வீட்டில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விகளும் வந்தன. பெயரை மறைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு சலுகையே மனிதர்களின் வாயைத் திறக்கப் போதுமானதாக இருந்தது.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1906-இல், நியூயார்க்கில் குடியேறிய கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்காக யித்திஷ் மொழியில் வெளிவந்த 'ஃபார்வர்ட்' பத்திரிகையின் ஆசிரியர் ஆபிரகாம் கஹான், கடிதக் கட்டு என்று பொருள்படும் தலைப்பில் இத்தகைய பகுதியொன்றை ஆரம்பித்தார். 1955-இல் எப்பி லெடரர் என்ற பெண்மணி சிக்காகோவில் 'ஆன் லாண்டர்ஸ்' என்ற பெயரை ஏற்று எழுதத் தொடங்க, அடுத்த ஆண்டே அவருடைய இரட்டைச் சகோதரி பாலின் ஃபிலிப்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் 'டியர் அபி' பகுதியைத் தொடங்கினார். எப்பி அந்த வேலைக்கு மனுப் போட்டபோது, பரீட்சையாகக் கொடுக்கப்பட்ட கடிதங்களில் ஒன்று, அண்டை வீட்டு அக்ரூட் மரத்தின் காய்கள் தன் தோட்டத்தில் விழுந்தால் அவை யாருக்குச் சொந்தம் என்று கேட்டது. தாமே ஒரு பதிலைக் கற்பித்து எழுதிவிடாமல், தமக்குப் பழக்கமான உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு அவர் விடை எழுதினார் என்பது பத்திரிகை உலகில் பிரசித்தமான சம்பவம். கடிதம் ஒன்று கண்முன் இருக்கும்போது, பதில் சொல்கிறவருக்குத் தமக்குத் தெரியாதது எது என்பதும் தெரிந்துவிடுகிறது. வாரமலரில் 'அன்புடன் அந்தரங்கம்' பகுதியைப் படித்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே முதலில் கடிதம், பிறகுதான் பதில்.

இன்றைய பதிவில் அந்தக் கடிதம் இல்லை. கேட்டவர் யார், வயது என்ன, எத்தனை நாள் பழக்கம், இரு வீட்டாருக்கும் விஷயம் தெரியுமா, சண்டை எதில் ஆரம்பித்தது என்ற விவரம் ஒன்றுமே இல்லாமல், பதில் மட்டும் தனியே புறப்பட்டு வருகிறது. படிப்பவர் தம் மனத்துக்குள் இருக்கும் கடிதத்தை, ஒரு வரிகூட எழுதாமல், அதற்கு முன்னால் வைத்துக்கொள்கிறார். பதிவின் வெற்றிக்கு மூலகாரணம் இதுவே என்பது என் அபிப்பிராயம். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர்களுக்கு ஒரு குணப் பரிசோதனை நடத்தி, ஒரு வாரம் கழித்து, 'இதுதான் உன் சுபாவம்' என்று ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறதென்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-க்கு மேல் வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம் என்பதும், அதன் பெரும்பகுதி கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. 'நீ கொடுக்கிற அளவு அன்பு உனக்குத் திரும்பக் கிடைப்பதில்லை' என்று ஒரு பதிவு சொன்னால், 'இது என்னைப் பற்றியதன்று' என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர் நம்மில் எத்தனை பேர்?

ஆனால் வெறும் பொதுப்பேச்சு யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதைக் கைதேர்ந்த பதிவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். அவர்களுடைய சாமர்த்தியம், தீர்ப்பை எல்லோருக்கும் பொருந்தும்படி அகலமாக வைத்துக்கொண்டு, அறிகுறியை மட்டும் ஊசிமுனைபோல் கூர்மையாகச் சொல்வதில் இருக்கிறது. 'அவன் உன்னை அலட்சியம் செய்கிறான்' என்று சொன்னால் அது காதில் விழுந்ததோடு சரி. 'உன் மெசேஜுக்கு நீல டிக் விழுந்து நாலு மணி நேரம் ஆகிறது, பதில் இல்லை. ஆனால் நீ போட்ட ஸ்டோரியை முதல் ஆளாகப் பார்த்திருக்கிறான்' என்று சொன்னாலோ, படுக்கையில் சாய்ந்தபடி அந்த நீல டிக்கையே பார்த்துக்கொண்டிருந்த பெண், தன் அறைக்குள் யாரோ எட்டிப் பார்த்துவிட்டது போலத் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறாள். இத்தனை நாளும் தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று எண்ணியிருந்தது பலருக்கும் நேர்வதுதான் என்று அந்தக் கணத்தில் அவள் அறிகிறாள். அந்த ஆறுதல் உண்மையானது. அதை அற்பமென்று தள்ளுவது நியாயமாகாது.

ஆறுதலுக்கு அடுத்தபடியாக வேண்டியிருப்பது நிச்சயம். காதலில் மனிதனை அதிகம் வதைப்பது மறுப்பு அன்று. ஆமா இல்லையா என்று தெரியாமல் நிற்கும் நிலைமைதான். 2003-இல் 'செக்ஸ் அண்ட் த சிட்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், ஒருவன் சந்திப்பின் முடிவில் ஏன் தன் வீட்டுக்குள் வரவில்லை என்று பலவிதமாக வியாக்கியானம் செய்துகொண்டிருந்த பெண்ணிடம், 'அவனுக்கு உன்மேல் அவ்வளவு பிரியமில்லை' என்று ஒரு ஆண் பட்டென்று சொல்லிவிடுகிறான். அவளோ அழுவதற்குப் பதிலாக ஏதோ பாரம் இறங்கியவள் போல மகிழ்கிறாள். அந்த ஒற்றை வாக்கியம் 2004-இல் ஒரு புத்தகமாயிற்று, 2009-இல் திரைப்படமும் ஆயிற்று. 'சில வேளை அப்படி, சில வேளை இப்படி, ஆளைப் பொறுத்தது' என்று விவேகத்தோடு பேசுகிறவருடைய சொல், உண்மைக்கு எவ்வளவு நெருங்கியதாயினும், தூக்கம் வராத ஒருத்திக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு மருந்தாவதில்லை.

பதிவைப் பரப்புகிற இயந்திரத்தின் தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, ஒரு பதிவை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும் முக்கியம் என்றும், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு பதிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அனுப்புவதற்கே விசேஷ மதிப்பு என்றும் வெளிப்படையாகத் தெரிவித்தார். காதல் உபதேசம் இவ்வளவு தூரம் பரவுவதன் ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. சமையல் குறிப்பை மனிதர்கள் தங்களுக்கென்று சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். காதல் உபதேசத்தை மற்றொருவருக்கு அனுப்புகிறார்கள். என் தமக்கையின் மகள் இப்படிப்பட்ட ரீல்ஸ் ஒன்றைத் தன் சிநேகிதிக்கு, கூட ஒரு வார்த்தையும் எழுதாமல், அனுப்பியதைப் பார்த்து, "ஏனம்மா, இதை நீயே அவளிடம் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "நான் சொன்னா கோவிச்சுக்குவா மாமா. இதைப் பார்த்தா அவளே புரிஞ்சுக்குவா" என்றாள். நேரில் சொன்னால் பகையாகிவிடக்கூடிய ஒரு வார்த்தையை, யாருடையது என்று சொல்ல முடியாத வாயால் சொல்லவைக்கும் வசதியை அந்தப் பதிவு அவளுக்குக் கொடுத்தது. வெற்றி பெற்ற பதிவுகளில் மிகப் பல, படித்தவர் தாமே எழுத விரும்பி எழுதத் துணியாத கடிதங்களே. கணவனுக்கு மனைவி அனுப்புவதும், பிரிந்துபோனவன் கண்ணில் படட்டும் என்று ஒருத்தி தன் ஸ்டோரியில் போட்டு வைப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை.

எந்த உணர்ச்சி மனிதரை அனுப்பத் தூண்டுகிறது என்பதைப் பற்றி ஜோனா பெர்ஜர், காதரின் மில்க்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் ஏறக்குறைய 7,000 கட்டுரைகளில் எவற்றை வாசகர்கள் அதிகமாக மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள் என்று ஆராய்ந்தபோது, வியப்பும் கோபமும் கவலையும் மூட்டியவை அதிகம் அனுப்பப்பட்டன என்றும், வெறும் துக்கத்தை உண்டாக்கியவை அவ்விதம் அனுப்பப்படவில்லை என்றும் கண்டார்கள். காதல் முறிந்தவர்களுக்கான பதிவுகளில் துக்கம் ஏன் எப்போதும் சினத்தின் வேஷத்தில் வருகிறது என்பதற்கு இது விளக்கமாகிறது. 'அவள் போய்விட்டாள், எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்பது ஒருவனோடு நின்றுபோகும். 'அவள் ஒரு டாக்ஸிக், தப்பித்தாய்' என்பது ஊரெல்லாம் சுற்றும். துக்கப்பட வேண்டிய நேரத்தில் கோபப்படக் கற்றுக்கொடுக்கப்படுகிற ஒரு தலைமுறையை நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

ஒரு பதிவின் வெற்றியை அருகில் வைத்துப் பார்க்க, 2023-இல் டிக்டாக்கில் பரவிய 'பறவைப் பரீட்சை'யை எடுத்துக்கொள்ளலாம். மனைவி கைப்பேசியை எங்கேயோ மறைவாகச் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல், "இன்றைக்கு ஒரு பறவையைப் பார்த்தேன்" என்கிறாள். சோபாவில் இருக்கும் கணவன் தலை நிமிர்ந்து, "அப்படியா, என்ன பறவை?" என்று கேட்டால் அவன் தேறிவிட்டான், "ம்" என்று சொல்லிவிட்டுத் திரையிலேயே கண்ணைப் பதித்திருந்தால் தோற்றுவிட்டான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதற்காக எல்லோரும் கடைசி விநாடிவரை பார்க்கிறார்கள். பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் தீர்ப்புக் கூற உரிமை உண்டாகிறது. காசு செலவில்லாமல், அன்று மாலையே, தம் வீட்டுச் சோபாவில் அதே பரீட்சையை வைத்துப் பார்த்துவிடலாம். அதன் முடிவே அடுத்த பதிவாகிவிடுகிறது.

இந்தப் பரீட்சைக்குப் பின்னால் மெய்யான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது என்பதுதான் விஷயத்தை இன்னும் கவனிக்கத் தக்கதாக்குகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற மனோதத்துவ அறிஞர், வீடுபோல் அமைக்கப்பட்ட ஆராய்ச்சிக்கூடத்தில் புதுமணத் தம்பதிகளைத் தங்கவைத்து, ஒருவர் மற்றவரின் கவனத்தை நாடிச் செய்யும் சிறு சிறு அழைப்புகளுக்கு எவ்வளவு தடவை செவிசாய்ப்புக் கிடைக்கிறதென்று கணக்கெடுத்தார். ஆறு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தே வாழ்ந்தவர்கள் அந்த அழைப்புகளில் 86 சதவிகிதத்துக்குச் செவிசாய்த்திருந்தார்கள் என்றும், பிரிந்தவர்கள் 33 சதவிகிதத்துக்கே செவிசாய்த்திருந்தார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். சேர்ந்து வாழ்ந்தவர்கள்கூட நூற்றில் பதினான்கு அழைப்புகளைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்பதை அந்தப் பரீட்சையை நடத்துகிற யாரும் சொல்வதில்லை. பகலெல்லாம் நடக்கிற சம்பாஷணைகளின் சராசரியிலிருந்து கிடைத்த உண்மை, ஒரு மாலையின் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கப்படும்போது, உண்மையாகவே நிற்குமா? அந்தக் கணவனுக்கு அன்று அலுவலகத்தில் வேலை போயிருக்கலாம். அவள் நின்ற பக்கத்துக் காது அவனுக்கு மந்தமாக இருக்கலாம். கடிதம் இருந்திருந்தால் இவையெல்லாம் அதில் இருந்திருக்கும்.

பரவுவதெல்லாம் தீர்ப்பாகவே இருக்க வேண்டுமா என்றால், இல்லை என்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. ஆர்தர் ஆரன் என்ற மனோதத்துவ ஆசிரியரும் அவருடைய சகாக்களும் 1997-இல் பிரசுரித்த ஆராய்ச்சியில், முன்பின் அறியாத இருவரை உட்காரவைத்து, வரவர அந்தரங்கமாகிக்கொண்டே போகும் 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்கச் செய்து, முக்கால் மணி நேரத்தில் அவர்களிடையே நெருக்கம் உண்டாவதைக் கண்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரியில், மாண்டி லென் காட்ரன் என்ற எழுத்தாளர், தாமும் ஓர் அறிமுகமானவரும் ஒரு மாலையில் அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டதையும், பிறகு நாலு நிமிஷம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதையும், இருவரும் காதல் கொண்டதையும் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுத, அந்தக் கட்டுரையும் அந்த 36 கேள்விகளும் உலகம் முழுதும் சுற்றி வந்தன. கேள்விகளே தங்களைக் காதலில் விழச் செய்துவிட்டன என்று அவர் சாதிக்கவில்லை. அது அந்த மாலை இல்லாமலே நடந்திருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மறைவாகக் காமிரா வைத்து ஒருவரை மற்றவர் சோதிக்காமல், இருவரும் தெரிந்தே எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு காரியத்தை அது மனிதர்கள் கையில் கொடுத்தது. அதைப் படித்தவர்களும் ஒருவருக்கொருவர் அனுப்பத்தான் செய்தார்கள். ஆனால் குத்திக்காட்டுவதற்காக அன்று, 'நாமும் இதைச் செய்து பார்ப்போமா' என்று கேட்பதற்காக.

இப்போது டிக்டாக்கில், ஒரு பதிவின் கீழே யாராவது எழுதிய கமென்ட்டை எடுத்துத் திரையில் ஒட்டிக்கொண்டு அதற்கு வீடியோவாகவே பதில் சொல்லும் வசதி இருக்கிறது. தீர்ப்பைக் கேட்டுக் கிளர்ந்த மனிதர்கள், 'என் விஷயம் அப்படியில்லையே' என்று தொடங்கி, பத்து வரி, இருபது வரி எழுதிவிடுகிறார்கள். முன்னால் வந்திருக்க வேண்டிய கடிதம் பதிலுக்குப் பின்னால் வந்து சேருகிறது. அவற்றைப் படிக்காமல் அடுத்த தீர்ப்புக்குப் போகிறவர்களே அதிகம். சிலர் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கிறீர்களா? இதை அவரிடம் கேட்டீர்களா? கேட்டபோது என்ன சொன்னார்?" என்று திரும்பக் கேட்கிறார்கள். இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே ஒன்றரை நிமிஷம் தீர்ந்துபோய், முடிவு எதுவும் சொல்லாமல் வீடியோ நின்றுவிடுவதுண்டு. அடுத்த பகுதி வருவதற்குள், எழுதியவள் கீழே இன்னும் நாலு வரி விவரம் சேர்த்திருப்பாள்.