ஒத்துக்காத உணவும் உயிர் காக்கும் ஊசியும்

சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும்போது வழியெங்கும் அன்னதானம் நடக்கும். புளியோதரையில் வேர்க்கடலை, எள்ளுப்பொடி, நல்லெண்ணெய் இருக்கும். சர்க்கரைப் பொங்கலில் நெய்யும் முந்திரியும் இருக்கும். "சாமி பிரசாதம், ஒண்ணும் ஆகாது" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு ஒரு வாய் ஊட்டிவிடுவார். கடுமையான உணவு அலர்ஜி உள்ள குழந்தைக்கு அந்த ஒரு வாயே ஆபத்து.

பால் குடித்தால் வயிறு உப்புவதும் பேதியாவதும் வேறு சங்கதி. உணவு அலர்ஜியோ சில நிமிடங்களில், சிலருக்கு ஓரிரண்டு மணி நேரத்துக்குள், உடம்பெங்கும் தடிப்பாகவும் உதடு, கண் வீக்கமாகவும் வரும். கூடவே இருமல், இளைப்பு, குரல் கம்மல், அடுத்தடுத்து வாந்தி, குழந்தை துவண்டு போவது ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் அது அனாபிலாக்சிஸ். தடிப்பே இல்லாமல் நேரே மூச்சு முட்டும் குழந்தைகளும் உண்டு.

அப்போது போட வேண்டிய முதல் மருந்து அட்ரினலின். நம் பக்கத்தில் அலர்ஜி என்றதும் அவில் ஊசியோ செட்ரிசின் மாத்திரையோதான் கைக்கு வருகிறது. அவை அரிப்பைக் குறைக்கும். அடைக்கும் மூச்சையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் நிறுத்தாது. அட்ரினலின் விலை மிகக் குறைவு. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அளவு, எடை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; சரியாகாவிட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும் போடலாம். 108ஐ உடனே அழையுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். தேறிவிட்டதென்று வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும். மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் பெற்றோர் பையில் வைத்திருக்கும் தானியங்கி அட்ரினலின் ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலையும் 1 மில்லி சிரிஞ்சையும் கொடுத்து, குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று எழுதித் தந்து, போடவும் கற்றுத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 2017இல் லண்டன் பள்ளியொன்றில் பால் அலர்ஜி உள்ள 13 வயது மாணவன் மீது சக மாணவன் பாலாடைக்கட்டித் துண்டை எறிந்ததில் அவன் உயிரிழந்தான். அவனுக்காகப் பள்ளியில் வைத்திருந்த ஊசி காலாவதியாகியிருந்தது.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி கோதுமை போன்ற குளூட்டன் தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா இருந்தால் அதைத் தனியாக அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை! எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் புழங்கும் நாட்டில் இது பெரிய குறை. அமெரிக்கா 2023 முதல் எள்ளையும் சேர்த்துவிட்டது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் கவனம் வேண்டும். அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். ஒரே செக்கில் எள்ளும் கடலையும் ஆட்டினால் ஒன்று மற்றொன்றில் கலக்கும்.

அரசுப் பள்ளி அலர்ஜியைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்க முடியாது. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவர் கடிதத்தைத் தலைமை ஆசிரியர், சமையலர், அங்கன்வாடிப் பணியாளர் மூவரிடமும் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் பதிவு செய்யுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தான்.

லேபிள் தவறாக இருந்தால் பாக்கெட்டையும் ரசீதையும் தூக்கி எறியாமல், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்புங்கள். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, இறப்புக்குக் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு என்று 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது.

அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் இருக்கிறதா, ராத்திரியில் அதைப் போட ஆள் இருக்கிறார்களா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.