சபை மாறுதலும் மனசாட்சியும்

மதமாற்றம் குறித்து நம் நாட்டில் நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் ஒரு மதத்தை விட்டு மற்றொரு மதத்துக்குச் செல்வதைப் பற்றியவை. ஒரே மதத்துக்குள், ஒரு திருச்சபையிலிருந்து மற்றொரு திருச்சபைக்குச் செல்வோரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய மாற்றமாகத் தெரிவதும் இல்லை. அதே இயேசு, அதே விவிலியம், அதே சிலுவை. இதில் மாறுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால், அவ்வாறு மாறியவர்களின் வரலாற்றைப் படித்தால், அதற்காக அவர்கள் நண்பர்களையும் வேலையையும் சில வேளைகளில் குடும்பத்தின் அன்பையும் இழந்திருப்பது தெரியவரும்.

அவர்களை அலைக்கழித்த கேள்விகள் பல. எனினும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரு கேள்வியில் வந்து முடிகின்றன. மறைநூலுக்குப் பொருள் கூறுவதில் கருத்து வேறுபாடு எழும்போது இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் யாருக்கு உரியது? மறைநூல் ஒன்றே போதும் என்றனர் சீர்திருத்தத் திருச்சபையினர். திருத்தூதர்களின் வழிவந்த ஆயர்களும் அவர்களுக்குத் தலைவரான போப்பும்தான் அதற்குரியவர்கள் என்றது கத்தோலிக்கத் திருச்சபை. 1534-இல் மன்னர் எட்டாம் ஹென்றியைத் தலைவராக ஏற்ற இங்கிலாந்துத் திருச்சபை, ஆயர்களை வைத்துக்கொண்டு போப்பை மறுத்து, இரண்டுக்கும் இடையில் நின்றது. அந்த இடைப்பட்ட நிலையே பலருடைய பயணத்தின் தொடக்கப் புள்ளியாக அமைந்தது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜான் ஹென்றி நியூமனின் குடும்பம். 1801-இல் லண்டனில் பிறந்த நியூமனுக்கு சார்லஸ், பிரான்சிஸ் என இரு தம்பிகள். மூவரும் ஒரே வீட்டில், ஒரே ஆங்கிலிக்கன் சூழலில் வளர்ந்தவர்கள். சார்லஸ் கடவுள் நம்பிக்கையையே கைவிட்டார். பிரான்சிஸ், கிறிஸ்தவ மதப் பணிக்காக பாக்தாத் வரை சென்று திரும்பி, பின்னர் எந்தத் திருச்சபைக்கும் உட்படாத தனி இறைநம்பிக்கையில் நின்றார். மூத்தவரோ கத்தோலிக்கரானார். ஒரே வளர்ப்பு மூன்று வெவ்வேறு முடிவுகளுக்கு இட்டுச் சென்றிருக்கிறது. ஒருவர் சபை மாறுவதை அவரது சூழலை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பதற்கு இக்குடும்பமே சான்று.

ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியின் ஆய்வாளராகவும், பல்கலைக்கழகத்தின் புனித மரியன்னை ஆலயப் பொறுப்பாளராகவும் இருந்த நியூமன், 1833-இல் ஜான் கேபிள், எட்வர்ட் பியூசி ஆகியோருடன் இணைந்து ஆக்ஸ்போர்டு இயக்கத்தை முன்னெடுத்தார். இங்கிலாந்துத் திருச்சபை அரசின் ஒரு துறை அன்று. தொன்மைத் திருச்சபையின் உண்மையான தொடர்ச்சியே அது என்று நிறுவுவது அவர்களின் நோக்கம். ரோமுக்குச் செல்ல வேண்டிய தேவை இல்லை என்று காட்டவே நியூமன் முதலில் எழுதினார் என்பது கவனத்துக்குரியது.

அந்த நம்பிக்கையில் அவரது ஆய்வே விரிசலை ஏற்படுத்தியது. 1839-இல் ஐந்தாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றை அவர் ஆழ்ந்து கற்றார். 451-இல் கூடிய கால்சிதோன் பொதுச்சங்கத்தின் முடிவை ஏற்காமல் பிரிந்து நின்றவர்களின் இடத்தில், தம் காலத்து ஆங்கிலிக்கன் திருச்சபை நிற்பதாக அவருக்குத் தோன்றியது. 1841-இல் அவர் எழுதிய தொண்ணூறாவது துண்டு வெளியீடு, இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விசுவாசக் கோட்பாடுகளுக்குக் கத்தோலிக்க நோக்கிலும் பொருள் கொள்ளலாம் என்று வாதிட்டது. பல்கலைக்கழகத் தலைவர்கள் அதைக் கண்டித்தனர்; ஆயர்கள் ஒருவர்பின் ஒருவராக அதற்கு எதிராகப் பேசினர். அதே ஆண்டில் இங்கிலாந்தும் பிரஷ்யாவும் சேர்ந்து எருசலேமில் ஆங்கிலிக்கர்களுக்கும் லூத்தரன் சபையினருக்கும் பொதுவான ஓர் ஆயர் பதவியை உருவாக்கின. கோட்பாட்டில் உடன்படாதவர்களை அரசியல் வசதிக்காக ஒன்றாக்கும் செயலாக நியூமன் அதைக் கண்டார்.

ஆனாலும், அவர் உடனே வெளியேறிவிடவில்லை. 1842-இல் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள லிட்டில்மோர் சிற்றூரில் ஒதுங்கி வாழத் தொடங்கினார். 1843-இல் ஆலயப் பொறுப்பைத் துறந்தார். 1845 அக்டோபர் 3-இல் கல்லூரிப் பதவியையும் துறந்தார். அக்டோபர் 8 இரவில், கொட்டும் மழையில் நனைந்தபடி அங்கு வந்து சேர்ந்த இத்தாலியத் துறவி டொமினிக் பார்பெரியிடம், தம்மைக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். மறுநாள் அது நிறைவேறியது. முதல் ஐயம் எழுந்ததற்கும் இந்த முடிவுக்கும் இடையில் ஆறு ஆண்டுகள். சபை மாறுதல் ஒரு கண நேர உணர்ச்சியில் நிகழ்வது என்ற கருத்துக்கு இந்த ஆறு ஆண்டுகளே மறுமொழி.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அக்காலத்தில் 39 கோட்பாடுகளுக்குக் கையொப்பமிடாதவர் ஆக்ஸ்போர்டில் மாணவராகக்கூடச் சேர முடியாது. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் அமரலாம் என்ற உரிமை கிடைத்தே 16 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. 1846-இல் ஆக்ஸ்போர்டை விட்டு அகன்ற நியூமன், 1878-இல் தாம் படித்த டிரினிட்டி கல்லூரி கௌரவ உறுப்பினராக அழைத்தபோதுதான் மீண்டும் அங்கு சென்றார். 32 ஆண்டு இடைவெளி. 1864-இல் எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி அவரது நேர்மையையே கேள்விக்கு உள்ளாக்கினார். அதற்கு விடையாகத் தம் சமயக் கருத்துகள் மாறிவந்த வரலாற்றை விரித்து நியூமன் எழுதிய 'அப்போலோஜியா' என்ற நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

புதிய இல்லத்திலும் அவருக்கு உடனடியாக அமைதி கிடைத்துவிடவில்லை. கோட்பாட்டு விஷயங்களில் பொதுநிலை இறைமக்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று 1859-இல் அவர் எழுதிய கட்டுரை குறித்து ரோமுக்குப் புகார் சென்றது. பழைய சபையினர் அவரைத் துரோகி என்றனர். புதிய சபையில் சிலர் அவரை அரைகுறைக் கத்தோலிக்கர் என ஐயுற்றனர். 1879-இல் போப் பதின்மூன்றாம் லியோ அவரைக் கர்தினாலாக உயர்த்திய பிறகே அந்த ஐயம் அகன்றது. 2019-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நியூமனின் கதையைச் சொல்லும்போது மறக்கக்கூடாத இருவர் கேபிளும் பியூசியும். அதே நூல்களைப் படித்து, அதே கேள்விகளைக் கேட்ட அவர்கள் கடைசி வரை ஆங்கிலிக்கர்களாகவே இருந்தனர். 1865-இல் கேபிளின் இல்லத்தில் மூவரும் சந்தித்தபோது, வாசலில் நின்ற நியூமனைக் கேபிளுக்கு அடையாளம் தெரியவில்லை. நியூமனுக்கும் கேபிளைத் தெரியவில்லை. முதுமை முகங்களை அந்த அளவுக்கு மாற்றியிருந்தது. அன்று அவர்கள் ஒன்றாக உணவருந்தினர். அடுத்த ஆண்டு கேபிள் மறைந்தார். சென்றவருக்கு மனசாட்சி இருந்தது போலவே தங்கியவர்களுக்கும் இருந்தது.

எதிர்த்திசையில் பயணித்தவர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டுக் கத்தோலிக்கக் குருவாக இருந்து, இங்கிலாந்துக்கு வந்து ஆங்கிலிக்கரான பிளாங்கோ ஒயிட், ஓரியல் கல்லூரியில் நியூமனின் நண்பர். இருவரும் சேர்ந்து வயலின் வாசித்தவர்கள். ஒயிட் பின்னர் ஆங்கிலிக்கன் சபையையும் விட்டு, மூவொரு கடவுள் கோட்பாட்டை ஏற்காத யூனிடேரியன் சபையில் சேர்ந்தார். கல்வியாளர் தாமஸ் ஆர்னால்டு 1856-இல் கத்தோலிக்கராகி, 1865-இல் ஆங்கிலிக்கன் சபைக்குத் திரும்பி, 1876-இல் மீண்டும் கத்தோலிக்கரானார். அந்த இரண்டாவது மாற்றத்தால் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவி அவர் கைக்கு எட்டாமல் போனது. இத்தகையோரை நிலையற்றவர்கள் என எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் ஆதாயத்தை விட்டு இழப்பின் பக்கம் சென்ற ஒருவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்ல முடியாது.

இந்த ஆங்கிலேய வரலாற்றுக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பல சபைகளாகப் பிரிந்து நிற்பது இந்தியாவில் கிறிஸ்தவத்துக்கே இடையூறு என்று கருதியவர், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரான வே.ச. அசரியா. 1919-இல் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று நடத்திய கூட்டத்தில் தொடங்கிய ஒன்றிப்பு முயற்சி, அவர் மறைந்த பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் ஒன்றாயினர். ஆயர்கள் இல்லாத சபைகளில் குருப்பட்டம் பெற்றிருந்தவர்களும் மறுபட்டம் இன்றி ஏற்கப்பட்டனர்.

நம் ஊரில் ஒற்றுமையின் வெற்றியாகக் கொண்டாடப்பட்ட இந்நிகழ்வு இங்கிலாந்தில் சிலருக்குப் பேரிடியாக இருந்தது. கவிஞர் டி.எஸ். எலியட், தென்னிந்தியத் திட்டத்தை எதிர்த்து 1943-இலேயே ஒரு சிறு நூல் எழுதினார். ஆனாலும் அவர் ஆங்கிலிக்கராகவே இருந்தார். 1955-இல் இங்கிலாந்துத் திருச்சபை, தென்னிந்தியத் திருச்சபையின் குருப்பட்டங்களை ஏற்க முடிவு செய்தபோது, வரலாற்றாசிரியரும் ஆங்கிலிக்கன் குருவுமான ஹியூ ராஸ் வில்லியம்சன் அதை ஏற்க இயலாமல் கத்தோலிக்கரானார். 1841-இல் எருசலேம் ஆயர் பதவி நியூமனிடம் எழுப்பிய அதே கேள்விதான் இது: ஒற்றுமைக்காகக் கோட்பாட்டில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? அசரியா கண்ட விடை ஒன்று. ராஸ் வில்லியம்சன் கண்ட விடை வேறு. இருவரும் தேடியது ஒரே திருச்சபையைத்தான்.

இத்தகைய பயணங்களைத் திருச்சபைகள் பார்க்கும் முறையும் மாறியிருக்கிறது. ஆங்கிலிக்கன் குருப்பட்டம் செல்லாது என 1896-இல் அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் 1964-ஆம் ஆண்டு ஆவணத்தில், பிற சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றோரைக் கிறிஸ்துவில் சகோதரர்கள் என்று ஏற்றது. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரால் பெற்ற திருமுழுக்கை, அது 'ஞானஸ்நானம்' என்று அழைக்கப்படும் சபைகளில் நடந்திருந்தாலும், கத்தோலிக்கத் திருச்சபை மீண்டும் வழங்குவதில்லை. அவ்வாறு வருபவர் விசுவாச அறிக்கை செய்து, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெறுகிறார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு விசுவாச அறிக்கை மட்டுமே போதுமானது.

ஆங்கிலிக்கன் மரபின் வழிபாட்டு முறைகளைக் கைவிடாமலேயே கத்தோலிக்கராவதற்கு 2009-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் வழிவகுத்தார். அதன்படி 2011-இல் இங்கிலாந்தில் தனி அமைப்பு நிறுவப்பட்டது. திருமணமான ஆங்கிலிக்கன் குருக்களும் அதில் கத்தோலிக்கக் குருக்களாகப் பட்டம் பெற முடிகிறது. கராச்சியில் பிறந்து, இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் ஆயராகப் பணியாற்றிய மைக்கேல் நசீர்-அலி 2021-இல் இவ்வழியே கத்தோலிக்கரானார்.

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி பெரும்பாலும் திருமணத்தின்போது எழுகிறது. ஆர்.சி. மாப்பிள்ளை, சி.எஸ்.ஐ. பெண் என்றால் யாராவது ஒருவர் மாறித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1983-ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. பிற சபையில் திருமுழுக்குப் பெற்றவரை ஆயரின் அனுமதியுடன் ஒரு கத்தோலிக்கர் மணக்கலாம். மற்றவர் சபை மாற வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் துணைவர் வாக்குறுதி அளிக்க வேண்டும். அது மற்றவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவே. இது தெரியாததால், நம்பிக்கையின்றி அவசரமாக ஒரு சபையில் பெயர் எழுதிக்கொள்வோர் இருப்பார்களேயானால், அது அவர்களுக்கும் நன்மையன்று. அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சபைக்கும் பெருமையன்று.

நியூமன் ஆறு ஆண்டுகள் காத்திருந்தது எதற்காக என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். தமக்கு முழுமையாக உறுதிப்படாத ஒன்றை வாயால் அறிக்கையிட அவர் விரும்பவில்லை. திருமண மேடைக்காகவோ, பள்ளியில் இடம் கிடைப்பதற்காகவோ, ஊர்ப் பகைக்காகவோ நிகழும் மாற்றத்தில் அந்தக் காத்திருப்புக்கு இடமிருப்பதில்லை. அதேபோல், உண்மையாகவே மனம் மாறிய ஒருவரைத் துரோகி என்று ஒதுக்கும் குடும்பத்திலும் அதற்கு இடமில்லை.

எனவே, வீட்டில் ஒருவர் வேறு சபைக்குச் செல்ல விரும்புவதாகச் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எந்தக் கேள்வி அவரை அங்கு அழைத்துச் செல்கிறது என்பதைத்தான். விடை கிடைக்கும் வரை அவருக்கு அவகாசம் அளிக்க வேண்டும். முடிவு எதுவானாலும் உணவு மேசையில் அவருக்கான இடம் அப்படியே இருக்க வேண்டும். கேபிளின் வீட்டில் அந்த இடம் மீண்டும் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. நம் வீடுகளில் அவ்வளவு காலம் கடக்க வேண்டியதில்லை.