மூன்றாவது கொடி

1970 நவம்பர் 12. இன்றைய வங்கதேசத்தில் மேக்னா ஆறு வங்கக் கடலில் கலக்கும் இடத்தில் போலா, மன்புரா, ஹதியா என்று சிதறிக் கிடக்கும் தீவுகளில் அது நெல் அறுவடைக் காலம். கூலிக்கு வந்த வெளியூர்க்காரர்களும் வயலோரக் குடிசைகளில் தங்கியிருந்தார்கள். அன்று இரவு, கடல் ஏற்றமாக இருந்த நேரத்தில் புயல் கரையைத் தொட்டது. ஆறு மீட்டருக்கும் மேலே எழுந்த நீர், மூங்கிலும் ஓலையுமாக நின்ற ஊர்களை வாரிக்கொண்டு போனது.

டாக்கா காலரா ஆய்வகத்தில் பணியாற்றிய மருத்துவர்கள் ஆல்ஃபிரட் சோமரும் வைலி மோஸ்லியும் அதன்பின் தீவு தீவாகக் கணக்கெடுத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு ஒரே மாதிரியான காயம் இருந்ததைக் கண்டார்கள். கைகளின் உட்புறம், மார்பு, தொடை ஆகிய இடங்களில் தோல் உரிந்து ரணமாகியிருந்தது. இரவெல்லாம் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலைக்கு ஈடுகொடுத்ததன் தடம் அது. யாருடைய கைகளுக்கு அந்த வலு இருந்ததோ அவர்கள் பிழைத்தார்கள். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இறந்தவர்களில் பாதிக்கும் மேலாக இருந்தார்கள்.

தஜுமுத்தீன் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் வாழ்ந்த 1,67,000 பேரில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் மாண்டார்கள். மொத்த உயிரிழப்பு 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்பது மதிப்பீடு. வரலாற்றில் பதிவான புயல்களில் அதிக உயிர்களைக் குடித்தது இதுதான்.

புயல் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. வானிலைச் செயற்கைக்கோள் அதைப் படம் பிடித்திருந்தது. வானொலி அபாயம் என்று அறிவித்தது. பிறகு பாதிக்கப்பட்ட பகுதியில் விசாரித்தபோது, நூற்றில் 90 பேருக்குப் புயல் வருவது தெரிந்தே இருந்தது என்பது வெளிப்பட்டது. உறுதியான கட்டடத்துக்குப் போனவர்களோ நூற்றில் ஒருவர். செய்தி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து எங்கே போவது என்பதற்குத்தான் அந்தத் தீவுகளில் விடை இல்லை.

அந்த விடையைத் தேடி வங்கதேசம் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை, பேரிடருக்கு ஏழை மக்களைத் தயார்ப்படுத்துவது எப்படி என்று கேட்கும் எந்த நாடும் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம்.

புனலில் ஊற்றிய கடல்

உலகில் உருவாகும் வெப்பமண்டலப் புயல்களில் சிறு பங்குதான் வங்கக் கடலில் பிறக்கிறது. ஆனால் மிக அதிக உயிர்களைப் பறித்த புயல்களில் பெரும்பாலானவை இங்கே உருவானவை. கொல்வது பெரும்பாலும் காற்று அல்ல, காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர்.

புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறையும்போது கடல்மட்டம் கொஞ்சம் உயரும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் நீர் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறும். பெரும் புயலில்கூட இதனால் வரும் ஏற்றம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. மிச்சமெல்லாம் காற்றின் வேலை. ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடியில் இறங்கித் திரும்பிவிடும். கரையை நெருங்க நெருங்கத் தரை மேலெழுந்து வந்தால் நீருக்குத் திரும்ப வழி இருக்காது. குவிந்து கரைமேல் ஏறும். 1964இல் தனுஷ்கோடியை அழித்ததும் இப்படி ஏறிய கடல்தான். வங்கக் கடலின் வடமுனை ஒரு புனலைப் போலக் குறுகுகிறது, ஆழமும் குறைவு, எதிரே இருக்கும் நிலம் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது.

எண்ணை மறந்து கொடியைப் பார்

1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தினர், புதிதாகப் பிறந்திருந்த வங்கதேசத்தில் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு அரசும் அதில் கைகோத்தது. திட்டத்தின் அடிப்படை எளிமையானது: எச்சரிக்கையைக் கடைசி வீடு வரை கொண்டுபோவது அந்த ஊர்க்காரரின் பொறுப்பு. ஆசிரியர், மீனவர், கடைக்காரர், விவசாயி என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர்களையே தொண்டர்களாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். எச்சரிக்கை, தங்குமிடம், மீட்பு, முதலுதவி என்று ஆளுக்கொரு வேலை பிரித்துத் தரப்பட்டது. சம்பளம் கிடையாது. கையில் கொடுத்தது ஒரு மெகாஃபோன், கையால் சுற்றும் சைரன், ஒரு வானொலிப் பெட்டி, சில கொடிகள்.

கொடிக்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு எண் இருப்பதுபோல வங்கதேசத்திலும் உண்டு. இரண்டும் பிரிட்டிஷ் காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சி. அந்த எண்கள் கப்பல் தலைவர்களுக்காக வகுக்கப்பட்டவை. எட்டாம் எண்ணைவிடப் பத்தாம் எண் கடுமையானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மேலேயே கடக்குமா என்பதுதான் வேறுபாடு. கப்பலுக்கு அந்தத் தகவல் உயிர். குடிசையில் இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

அதனால் தொண்டர்கள் கொடியை எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கொடி ஏறினால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கொடி ஏறினால் பொருட்களைக் கட்டி, கால்நடைகளை அவிழ்க்க வேண்டும். மூன்றாவது கொடி ஏறினால் கிளம்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், காது கேட்காத முதியவருக்கும் சந்தைத் திடலில் பறக்கும் மூன்று சிவப்புக் கொடிகள் புரியும்.

கொடி ஏறியும் கிளம்பாத பெண்கள்

ஆனால் 1991 ஏப்ரல் 29 இரவு, சிட்டகாங் கடற்கரையைத் தாக்கிய புயலில் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை அப்போதும் போயிருந்தது. கணக்கெடுத்தபோது ஒரு கொடுமை தெரிந்தது. 20 முதல் 44 வயது வரையுள்ளவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்திருந்தால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்திருந்தார்கள்.

வீட்டு ஆண் வராமல் பெண் தனியே வெளியே போவது வழக்கமில்லை. ஆண்களோ கடலிலோ வெளியூரிலோ இருந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நீரில் நடக்கையில் சேலை காலைச் சுற்றியது. தங்குமிடத்துக்குப் போனாலும் அங்கே முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான ஆண்களோடு ஒரே கூடத்தில் இரவைக் கழிக்க வேண்டும்; தனிக் கழிப்பறை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் மெகாஃபோனோடு வந்து நின்ற தொண்டர் பெரும்பாலும் குடும்பத்தைச் சேராத ஓர் ஆணாகவே இருந்தார்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. இன்று அந்தத் திட்டத்தில் 75,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் பாதிப் பேர் பெண்கள். அடுப்படி வரை போய், "அக்கா, கிளம்புங்கள்" என்று சொல்ல அவர்களால் முடியும். எந்த வீட்டில் நிறைமாத கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அவர்களுக்குப் புயலுக்கு முன்பே தெரியும்.

தங்குமிடங்களும் மாறின. தூண்கள்மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடம் அது, கீழ்த்தளம் திறந்திருக்கும். கடல் ஏறி வந்தால் தூண்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். ஆண்டு முழுவதும் அதன் மேல்தளத்தில் பள்ளிக்கூடம் நடக்கும். பள்ளியாக இருப்பதால் கட்டடம் பூட்டிக் கிடந்து பாழாவதில்லை. ஊர்ப் பிள்ளைகள் நாள்தோறும் நடக்கும் பாதை என்பதால் இருட்டிலும் மழையிலும் கால்கள் வழி தப்புவதில்லை. புதிய கட்டடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வைத்தார்கள்.

மாடு? ஒரு பசுவே மொத்தச் சொத்தாக இருக்கும் குடும்பம் அதை விட்டுவிட்டு வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிடிவாதம் போலத் தோன்றும். புயல் கடந்த மறுநாள் எதை வைத்துப் பிழைப்பது என்ற கணக்கு அது. அதற்காக எழுந்தவைதான் "கில்லா" எனப்படும் உயர்ந்த மண் மேடுகள். கொடி ஏறியதும் கால்நடைகளை அங்கே ஓட்டிவிடலாம். மாட்டுக்கு இடம் கிடைத்தால் மனிதரும் கிளம்புவார்.

2007 நவம்பரில் சிதர் புயல் வந்தபோது சுமார் 3,400 பேர் இறந்தார்கள். அப்போதும் சிலர் கிளம்ப மறுத்தார்கள். இரண்டு மாதங்களுக்கு முன்னால்தான் சுனாமி வருகிறது என்று ஊரே ஓடி, ஒன்றும் வராமல் திரும்பியிருந்தது. ஒரு முறை பொய்த்த எச்சரிக்கை அடுத்த எச்சரிக்கையின் வலுவைக் குறைத்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைத் திரும்பக் கட்டும் வேலையும் தெரிந்த முகம் கொண்ட தொண்டர் மீதுதான் விழுகிறது.

2020 மே மாதம், கொரோனா பரவிவந்தபோது ஆம்பன் புயல் வந்தது. வங்கதேசம் கூடுதல் கட்டடங்களைத் திறந்து, இடைவெளி விட்டு, சுமார் 24 லட்சம் பேரை இடம் மாற்றியது. அங்கே இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. ஒவ்வொரு புயலும் வலுவிலும் கரை கடக்கும் இடத்திலும் வேறுபடும் என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் லட்சங்களில் எண்ணிய உயிரிழப்பு பத்துகளுக்கு இறங்கியதை வலுவின் வேறுபாடு மட்டும் விளக்காது.

கொடி இல்லாத கரைகள்

அதே கடலின் இன்னொரு கரையில் 2008 மே மாதம் நடந்தது இதற்கு நேர்மாறு. நர்கிஸ் புயல் மியான்மரை நோக்கிச் செல்வதை இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்கூட்டியே அந்நாட்டுக்குத் தெரிவித்திருந்தது. ஐராவதி கழிமுகத்து ஊர்களுக்கு அதைக் கொண்டுபோகவும், மக்களை உயரத்துக்கு அழைத்துப்போகவும் ஏற்பாடு இல்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர்.

ஒடிசா தன் பாடத்தை 1999 பெரும்புயலில் படித்தது. ஏறக்குறைய 10,000 பேரை இழந்த அந்த மாநிலம், அதே ஆண்டு பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பை உருவாக்கி, கடற்கரை நெடுகப் புயல் காப்பகங்களைக் கட்டியது. 2013இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு ஐம்பதைத் தொடவில்லை.

சில இடங்களில் கருவி ஏதுமின்றிச் சொல் ஒன்றே காப்பாற்றியிருக்கிறது. சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவில் 1907இல் ஒரு சுனாமி பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று பெயரிட்டு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் எந்த அரசு எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை. "ஸ்மோங்" என்று யாரோ கத்தினார்கள். ஊர் மேட்டுக்கு ஓடியது. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அன்றே புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவக் கிராமத்தில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் அமைத்திருந்தது. அலையின் உயரம், மீன் கிடைக்கும் இடம் என்று அன்றாடம் அறிவித்துவந்த அந்த ஒலிபெருக்கியில் அன்று "ஓடுங்கள்" என்ற சொல் ஒலித்தது. வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் யாரும் நின்று யோசிக்கவில்லை.

வெள்ளத்துக்கு முன்னால் வரும் பணம்

உயிர் தப்பினால் போதுமா? 2009 மே மாதம் ஐலா புயல் வங்கதேசத்தின் தென்மேற்கில் கரைகளை உடைத்தபோது, பல ஊர்களின் வயல்களில் உப்புநீர் புகுந்து நின்றது. பிழைத்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கரைமேலேயே குடிசை போட்டுக் கிடந்தன.

இந்தச் சிக்கலுக்கு 2020 ஜூலையில் ஒரு புதிய வழியைச் சோதித்தார்கள். ஜமுனா ஆற்றில் பெருவெள்ளம் வரப்போகிறது என்று கணிப்பு காட்டியதும், ஐ.நா. உலக உணவுத் திட்டம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியாகத் தலா 4,500 டாக்கா அனுப்பியது. வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே பணம் போனது. மக்கள் பெரும்பாலும் அரிசி, பருப்பு, தீவனம் வாங்கி வைத்தார்கள். பணம் பெற்ற குடும்பங்கள் வெள்ளத்தின்போது ஒரு நாள் முழுதும் பட்டினி கிடக்கும் வாய்ப்பு, பெறாதவர்களைவிட 36 சதவீதம் குறைவாக இருந்தது என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. அந்தத் தொகை வெள்ளம் வடிந்த பிறகு வந்திருந்தால், மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்று முடித்திருப்பார்கள்.

2027க்குள் உலகில் ஒவ்வொருவரும் முன்னெச்சரிக்கை வலைக்குள் வர வேண்டும் என்று ஐ.நா. 2022இல் இலக்கு வைத்தது. அப்போது உலக நாடுகளில் ஏறக்குறைய பாதியில்தான் அப்படியொரு அமைப்பு இருந்தது. செயற்கைக்கோளும் ரேடாரும் வாங்குவது அந்த வேலையின் ஒரு பகுதி. கொடி பிடிக்க ஆள் சேர்ப்பது, அவருக்கு ஆண்டுதோறும் பயிற்சி தருவது, பள்ளிக்கூடத்தைத் தூண்மேல் தூக்கிக் கட்டுவது எல்லாம் மறுபகுதி. படத்தில் எடுப்பாகத் தெரியாத இந்த மறுபகுதிக்கு நிதி ஒதுக்க அரசுகளும் நன்கொடையாளர்களும் மனம் வைக்க வேண்டும்.

மூன்றாவது கொடி ஏறினாலும் போக இடமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் மூங்கிலும் தார்ப்பாயுமாக மலைச் சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடிசைகளில் மியான்மரிலிருந்து வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகள் வாழ்கிறார்கள். அவர்களிலேயே ஆயிரக்கணக்கானோரைத் தேர்ந்தெடுத்து, அதே கொடி, அதே மெகாஃபோன், அதே பயிற்சி தரப்பட்டிருக்கிறது. 2023 மே 14 அன்று மோக்கா புயல் நெருங்கியபோது அவர்கள் கூரைகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள்; சரிவில் இருந்தவர்களை முகாமிலேயே சற்று உறுதியான கட்டடங்களுக்கு அழைத்துப்போனார்கள். ஆயிரக்கணக்கான குடிசைகள் சிதைந்தும் அங்கே பெரிய உயிர்ச்சேதம் இல்லை.

புயலின் மையம் எல்லைக்கு அப்பால் மியான்மரின் சிட்வே பக்கம் கரையேறியது. கடலை ஒட்டிய தாழ்வான நிலத்தில் அங்கேயும் ரோஹிங்கியா முகாம்கள் இருந்தன. மியான்மரில் குறைந்தது 145 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரோஹிங்கியாக்கள்.